காலித் தண்டவாளத்தின் விலை

1997-ம் வருடத்தின் கடைசி மாதங்கள். அமெரிக்காவின் ஆகப்பெரிய ரயில்வே கம்பெனி ஒரு காரியம் செய்தது. மேற்குக் கரையிலிருந்து கிழக்கே போகவேண்டிய கன்டெய்னர்களில் கொஞ்சத்தை எடுத்துக் கப்பலில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாகச் சுற்றி அனுப்பிவைத்தது.

ரயில் கம்பெனி, கப்பலில்!

சிரிப்பு வருகிறதா? அந்தக் கம்பெனி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சிரிப்பீர்கள்.

அந்தக் காலத்தில் நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்குச் சாமான் அனுப்பவேண்டுமென்றால், தென் அமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றிக் கப்பல் போகவேண்டும். அல்லது பனாமாவில் இறக்கி, நிலத்தைக் கடந்து, மறுபக்கம் வேறு கப்பலில் ஏற்றவேண்டும். மாசக்கணக்கில் ஆகும். இந்தத் தலைவலிக்கு ஒரு முடிவு கட்டத்தான் 1862-ல் ஆப்ரஹாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தில் பிறந்தது யூனியன் பசிபிக் ரயில்வே. கிழக்கிலிருந்து அவர்கள் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்தார்கள். மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனி போட்டுக்கொண்டே வந்தது. 1869 மே 10-ம் தேதி யூட்டா பகுதியில் பிராமன்டரி சம்மிட் என்ற இடத்தில் இரண்டும் சந்தித்தன. அமெரிக்காவின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டது.

பனாமாவை மறக்கடிப்பதற்காகப் பிறந்த அதே யூனியன் பசிபிக்தான், 128 வருடம் கழித்துப் பனாமாவைத் தேடி ஓடியது.

ஏன்?

பாலம் உடையவில்லை. பூகம்பம் வரவில்லை. ஸ்டிரைக் இல்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தில் ஒரு யார்டு நிரம்பிவிட்டது. அவ்வளவுதான்.

ஒரு யார்டு நிரம்பினால் ஒரு தேசத்தின் சரக்குப் போக்குவரத்து நின்றுபோகுமா என்று கேட்பீர்கள். போகும். எப்படி என்று புரிய, முதலில் யார்டு என்பது என்ன என்று பார்த்துவிடலாம்.

லெவல் கிராஸிங்கில் கேட் போட்டதும், வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, கடந்துபோகிற கூட்ஸ் பெட்டிகளை எண்ணியிருப்பீர்கள். அந்தப் பெட்டிகள் எப்போதும் இப்படி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று தோன்றும். உண்மை வேறு. ஒரு சரக்குப் பெட்டியின் வாழ்நாளில் ஓடுகிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம்தான் அதிகம்.

ஒரு தொழிற்சாலையிலிருந்து பத்துப் பெட்டி புறப்படுகிறது. மூன்று சிகாகோவுக்கு. இரண்டு நியூ ஆர்லியன்ஸுக்கு. மிச்சம் ஆளுக்கொரு ஊருக்கு. பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து இன்னொரு பத்து, இதேபோலக் கலந்துகட்டி. எல்லாவற்றையும் ஒரு யார்டுக்குக் கொண்டுவந்து, ஊர்வாரியாகப் பிரித்து, சிகாகோ பெட்டிகளை எல்லாம் ஒரே ரயிலாகக் கோத்து அனுப்பவேண்டும். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற மாதிரிதான். கடிதம் மட்டும் ஒவ்வொன்றும் நூறு டன் கனம்.

இதற்குப் பெரிய யார்டுகளில் ஒரு தந்திரம் உண்டு. நடுவில் ஒரு செயற்கை மேடு. வந்த ரயிலை வெளியே தனித் தண்டவாளத்தில் நிறுத்தி, பின்னாலிருந்து ஓர் இன்ஜின் மெல்ல மேட்டின்மேல் தள்ளும். உச்சியில் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிவிடுவார்கள். மறுபக்கச் சரிவில் பெட்டி தானாக உருண்டு இறங்கும். கீழே தண்டவாளங்கள் விசிறி மாதிரி பிரிந்து கிடக்கும், ஊருக்கு ஒன்றாக. பாயிண்ட் மாறும், பெட்டி தன் ஊர்த் தண்டவாளத்துக்குப் போய்ச் சேரும். வழியில் தண்டவாளத்தோடு பொருத்திய பிரேக்குகள் சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் நின்றுகொண்டிருக்கிற பெட்டியின்மேல் போய் டமால்.

யூனியன் பசிபிக்குக்கு நெப்ராஸ்கா மாநிலத்தில் பெய்லி யார்டு என்று ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே பெரியது. பரப்பு 2,850 ஏக்கர். நீளம் 8 மைல். கிழக்கே போகிற பெட்டிகளுக்கு ஒரு மேடு, மேற்கே போகிறவற்றுக்கு ஒரு மேடு. ஒரு சின்ன ஊரே உள்ளே அடங்கும்.

ஆனால், எத்தனை ஏக்கர் இருந்தாலும் ஒரு யார்டு வேலை செய்ய ஒரு பொருள் தேவை. காலி இடம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 200 இலை போடுகிற ஹால். 150 பேர் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் ஓடியாடிப் பரிமாறுவார், சாப்பிட்டவர் எழுந்து போவார், அடுத்தவர் உட்காருவார். 200 பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் இன்னொருவர் நின்றுகொண்டு, வாசலில் இன்னும் நூறு பேர் முட்டிக்கொண்டு நின்றால்? சாப்பிட்டவர் கை கழுவப் போகமுடியாது. சாம்பார் வாளி உள்ளே நுழையமுடியாது. ஹாலில் ஆள் அதிகம், சாப்பிட்டு வெளியே வருகிறவர் குறைவு.

யார்டிலும் இதே கதைதான். சிகாகோ தண்டவாளம் நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அடுத்த சிகாகோ பெட்டியை எங்கே விடுவது? டென்வர் தண்டவாளத்தில் விடுவார்கள். பிறகு அதை மறுபடி எடுத்து, மறுபடி மேட்டில் ஏற்றி, மறுபடி உருட்டவேண்டும். ஒரே பெட்டிக்கு இரண்டு தடவை வேலை. இதனால் மேடு மெதுவாகும். மேடு மெதுவானால், உள்ளே வரவேண்டிய ரயில் வெளியே மெயின் லைனில் நிற்கும். அது நின்றால், வெளியே போகவேண்டிய ரயிலுக்கு வழி இல்லை. வெளியே போகாவிட்டால் உள்ளே இடம் காலியாகாது.

இதில் இன்ஜின் வேறு. நிற்கிற ரயிலோடு இன்ஜினும் நிற்கும். கிளம்பத் தயாராக இருக்கிற ரயிலுக்கு இன்ஜின் கிடைக்காது. ஆட்களும் அப்படியே. அமெரிக்கச் சட்டப்படி ரயில் ஓட்டுகிறவர் 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக்கூடாது. நடுக்காட்டில் சிக்னலுக்குக் காத்திருந்தே 12 மணி நேரம் முடிந்துபோனால், அவர் வண்டியை அங்கேயே விடவேண்டியதுதான். வேறு ஆளை வேனில் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

1909-லேயே டென்மார்க்கில், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் இந்த விஷயத்தைக் கணக்காகப் போட ஆரம்பித்துவிட்டார். அவர் பார்த்தது டெலிபோன் கால்களை. அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கணிதம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பாதி நிரம்பிய இடத்தில் இன்னும் பத்துப் பேர் வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிய இடத்தில் அதே பத்துப் பேர் வந்தால் காத்திருப்பு எகிறிவிடும். ஆக, காலியாகக் கிடக்கிற தண்டவாளம் சும்மா கிடக்கவில்லை. அதுவும் வேலைதான் செய்கிறது.

சிக்கல் என்னவென்றால், வரவுசெலவுப் புத்தகத்தில் அது தெரியாது. அங்கே அது வெறும் செலவு.

இப்போது ஹூஸ்டனுக்கு வருவோம்.

சென்ட்ரல் பசிபிக்கைக் கட்டிய அதே கோஷ்டி வளர்த்த இன்னொரு கம்பெனி சதர்ன் பசிபிக். கலிஃபோர்னியாவிலிருந்து டெக்ஸாஸ் வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை அதன் ராஜ்ஜியம். இதன்மேல் யூனியன் பசிபிக்குக்கு ரொம்ப காலமாகவே ஒரு கண். 1901-ல் எட்வர்ட் ஹாரிமன் யூனியன் பசிபிக்கை ஆண்டபோது சதர்ன் பசிபிக்கின் பங்குகளை வளைத்துப்போட்டார். ஏகபோகம் கூடாது என்று 1912-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டது. 1913-ல் பிரித்துவிட்டார்கள்.

83 வருடம் கழித்து மறுபடி கல்யாணம்.

1995-ல் பர்லிங்டன் நார்தர்ன், சான்டா ஃபே என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தன. போட்டியாளன் பெரிசாகிவிட்டான், நாம் சும்மா இருந்தால் ஆச்சா? அதே வருடம் ஆகஸ்ட்டில், சதர்ன் பசிபிக்கை வாங்கப்போகிறோம் என்று யூனியன் பசிபிக் அறிவித்தது. விலை சுமார் 390 கோடி டாலர். அரசின் நீதித் துறை எதிர்த்தது. ஆனால் முடிவெடுக்கவேண்டிய தரைவழிப் போக்குவரத்து வாரியம் 1996 ஜூலை 3-ம் தேதி சம்மதம் சொன்னது. செப்டம்பரில் கைமாறியது.

விண்ணப்பத்தில் என்ன சொல்லியிருந்தார்கள்? வருடத்துக்கு 75 கோடி டாலர் ஆதாயம் என்று. எப்படி வரும்? ஒரே ஊரில் இரண்டு கம்பெனிக்கும் யார்டு இருக்கிறது, ஒரே திசையில் இரண்டு பாதை ஓடுகிறது, ஒரே வேலைக்கு இரண்டு ஆள் இருக்கிறார்கள். எதற்கு இரண்டு? ஒன்றாக்கினால் மிச்சம்.

காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் படும். 200 இலை ஹால் இரண்டு இருக்கிறது, இரண்டிலும் நாலில் ஒரு நாற்காலி காலி. எதற்கு இரண்டு ஹால் என்று கேட்கிற மாமாவைப் போல.

எச்சரிக்கை மணி இதற்கு முன்பே அடித்திருந்தது. 1995-ல் யூனியன் பசிபிக், சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் என்ற கம்பெனியை விழுங்கியது. ஆட்களைக் குறைத்தது. அந்த வருட அறுவடைக் காலத்திலேயே தானியமும் நிலக்கரியும் தேங்கிப்போய்க் கம்பெனி திணறியது. அது சின்னக் கம்பெனி. சதர்ன் பசிபிக் மலைப்பாம்பு.

அதோடு சதர்ன் பசிபிக் நொடித்துப்போன கம்பெனியும்கூட. இன்ஜின்கள் பழசு, பல இடங்களில் தண்டவாளம் மோசம், காசு இல்லை. பின்னால் எல்லாம் கெட்டுப்போனபோது, நாங்கள் நினைத்ததைவிட அது சீரழிந்து கிடந்தது என்று யூனியன் பசிபிக் சொன்னது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டை வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். எந்த நேரத்தில் எந்த ரயிலை உள்ளே விடக்கூடாது, எந்தப் பெட்டியை எங்கே ஒதுக்கிவைக்கலாம் என்பதெல்லாம் வருடக்கணக்காக அங்கே புழங்கியவர்களின் தலைக்குள் இருந்த சங்கதி. இணைப்புக்குப் பிறகு அவர்களில் பலர் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒமஹாவிலிருந்து வந்தவர்களுக்கு வரைபடம் தெரியும். ஹூஸ்டன் தெரியாது.

ஹூஸ்டன் லேசுப்பட்ட ஊர் இல்லை. அமெரிக்காவின் பெட்ரோகெமிக்கல் தலைநகரம். அங்கே தயாராகிற முக்கியமான சரக்கு, பிளாஸ்டிக் குருணை. வாளியிலிருந்து பொம்மை வரை எல்லாவற்றுக்கும் மூலப்பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொழிற்சாலைகள் பிளாஸ்டிக்கை முதலில் தயாரித்துவிடும், ஆள் பிடித்து விற்பது அப்புறம்தான். அதுவரை எங்கே வைப்பது? குடோன் கட்டுவதில்லை. ரயில் பெட்டியிலேயே கொட்டி, யார்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டிதான் குடோன். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் டேட்டன் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு யார்டு இருந்தது. ஆக, அந்த வட்டாரத்துத் தண்டவாளங்களில் பெரும்பகுதி எப்போதுமே நின்றுகொண்டிருக்கிற பெட்டிகளால் நிரம்பியே இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் ஏகப்பட்ட கோடு. நேரில் போனால் இடம் இல்லை.

ஊரில் இரண்டு முக்கிய யார்டு. எங்கிள்வுட், சதர்ன் பசிபிக்குடையது, மேடு உள்ளது. செட்டகாஸ்ட், யூனியன் பசிபிக்குடையது. இணைப்புக்குப் பிறகு பிரிக்கிற வேலையின் பாரம் எங்கிள்வுட்டின் தலையில் ஏறியது. இரண்டு கம்பெனிக்கும் கம்ப்யூட்டர் வேறு வேறு. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒன்றுக்குத் தெரிவது மற்றொன்றுக்குத் தெரியாது. தொழிற்சங்க ஒப்பந்தங்கள் முடியாததால், ஒரு கம்பெனியின் ஆள் மற்ற கம்பெனியின் பாதையில் வண்டி ஓட்டமுடியாது. தெற்கே மெக்சிகோ எல்லையில் லாரேடோ வாசலிலும் நெரிசல்.

1997 கோடையில் எங்கிள்வுட் நிரம்பியது.

பிறகு நடந்தது நான் மேலே சொன்ன பந்திக் கதைதான், ஆயிரம் மைல் அளவில். ஹூஸ்டனுக்குள் நுழையமுடியாத ரயில்கள் வழியில் இருந்த லூப் லைன்களில் ஒதுங்கின. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வருகிற ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடத்தான் லூப் லைன். அதிலேயே ஒரு ரயில் படுத்துக்கொண்டால்? அந்தப் பாதையும் போச்சு. அடைப்பு டெக்ஸாஸைத் தாண்டி, லூசியானா, அர்கன்ஸாஸ், கலிஃபோர்னியா என்று பரவியது. நின்று நின்று போனதில் சரக்கு ரயில்களின் சராசரி வேகம், சைக்கிளில் கொஞ்சம் வேகமாகப் போகிறவரின் வேகத்துக்கு இறங்கியது. பெட்டிகள் வாரக்கணக்கில் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல்போயின. தொழிற்சாலைகள் மூலப்பொருள் வராமல் உற்பத்தியைக் குறைத்தன. விளைந்த தானியத்தை ஏற்ற வண்டி இல்லாமல் வெட்டவெளியில் மலையாகக் குவித்தார்கள். பனாமா கப்பல் புறப்பட்டது இந்தச் சமயத்தில்தான்.

இதெல்லாம் காசு நஷ்டம். ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்ட முடியாததும் நடந்தது.

ஜூன் 22, டெக்ஸாஸில் டெவின் என்ற ஊர். இரண்டு சரக்கு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 4 பேர் செத்தார்கள். ஜூலை 2, கன்ஸாஸில் இன்னொரு மோதல், ஒருவர் பலி. ஆகஸ்ட் 20, ஃபோர்ட் வொர்த் நகரில் ஆள் இல்லாமல் உருண்டோடிய இன்ஜின்கள் எதிரே வந்த ரயிலில் மோதின. 2 பேர் பலி. இரண்டு மாதத்தில் ஏழு உயிர். ஒவ்வொரு விபத்துக்கும் உடனடிக் காரணம் வேறு வேறு. ஆனால் அரசு ரயில்வே நிர்வாகம் இன்ஸ்பெக்டர்களைக் கூட்டமாக அனுப்பிச் சோதித்தபோது கண்ணில் பட்டது, தூக்கம் கெட்ட ஓட்டுநர்களும், மூச்சுவிட நேரமில்லாத கட்டுப்பாட்டு அறைகளும், கைவிடப்பட்ட அடிப்படை நடைமுறைகளும்தான். நிரம்பிய யார்டு தண்டவாளத்தில் மட்டும் நிரம்புவதில்லை. அங்கே வேலை பார்க்கிற மனிதர்களின் தலையிலும் நிரம்புகிறது.

அக்டோபர் 31-ம் தேதி வாரியம் அவசர உத்தரவு போட்டது. ஹூஸ்டனில் தேங்கிய சரக்கை டெக்ஸ் மெக்ஸ் என்கிற சின்னஞ்சிறு ரயில்வேயும் எடுத்துப்போகலாம் என்றது. சுண்டெலியைக் கூப்பிட்டு யானையை இழுக்கச் சொன்ன கதை. சட்டம் அனுமதித்த எல்லை வரை நீட்டிக்கப்பட்ட அந்த உத்தரவு 1998 ஆகஸ்ட்டில்தான் முடிந்தது.

கடைசியில் முடிச்சு எப்படி அவிழ்ந்தது? முதலில், பெட்டிகளை ஹூஸ்டனுக்குள் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். பிரிக்கிற வேலையைத் தொலைவிலிருந்த யார்டுகளுக்கு மாற்றினார்கள். வாடகைக்கு இன்ஜின் பிடித்தார்கள், ஆள் எடுத்தார்கள். அப்புறம்தான் உருப்படியான யோசனை வந்தது. டெக்ஸாஸிலிருந்து வடகிழக்கே இரண்டு கம்பெனிக்கும் ஏறக்குறைய இணையாக ஓடுகிற ஒற்றைப் பாதைகள் இருந்தன அல்லவா? 1998 ஆரம்பத்தில், ஒன்றில் வடக்கே மட்டும், மற்றொன்றில் தெற்கே மட்டும் ரயில் ஓட்டினார்கள். நம் ஊர் ஒன்வே மாதிரி. எதிர்ரயிலுக்காக லூப் லைனில் காத்திருக்கிற வேலையே பெருமளவு ஒழிந்தது.

கவனியுங்கள். அதிகப்படி என்று காகிதத்தில் தெரிந்த அந்த இரண்டாவது பாதைதான் கடைசியில் கம்பெனியைக் காப்பாற்றியது.

அதே வருடம் மார்ச்சில் ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங் என்ற ஊரில், யூனியன் பசிபிக்கும் அதன் பரம எதிரி பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபேயும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து அந்த வட்டார ரயில்களைச் சேர்ந்து இயக்க ஆரம்பித்தன. மே மாதம், ஹூஸ்டன் வட்டாரத்தில் ஐந்து வருடத்தில் 140 கோடி டாலர் செலவில் பாதைகளையும் யார்டுகளையும் விரிவாக்கும் திட்டத்தை யூனியன் பசிபிக் வாரியத்திடம் கொடுத்தது. நெப்ராஸ்காவில், பெய்லி யார்டுக்குக் கிழக்கே 108 மைலுக்கு மூன்றாவது தண்டவாளம் 1999-ல் முடிந்தது. வருடத்துக்கு 75 கோடி மிச்சம் பிடிக்கப் புறப்பட்டவர்கள், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு எடுத்துவைக்க வேண்டிவந்தது.

பாடம் படித்தார்களா?

1999 ஜூன் 1-ம் தேதி, கிழக்கே கான்ரெயில் என்ற கம்பெனியை நார்ஃபோக் சதர்னும் சிஎஸ்எக்ஸும் பங்குபோட்டுக்கொண்டன. ஹூஸ்டனைப் பார்த்திருக்கிறோம், எங்களுக்கு அப்படி ஆகாது என்றார்கள். ஆனது. மறுபடி யார்டுகள் நிரம்பின. மறுபடி ரயில்கள் நின்றன.

2000-ல் வாரியம் பொறுமையிழந்தது. இனிமேல் 15 மாசத்துக்குப் பெரிய இணைப்பு விண்ணப்பமே கொண்டுவராதீர்கள் என்று கதவைச் சாத்தியது. 2001-ல் புதிய விதிகள் வந்தன. போட்டி அதிகரிக்கும் என்று நிரூபிக்கவேண்டும். அதோடு, இணைகிற காலத்தில் சரக்குப் போக்குவரத்து தடைப்படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், தடைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தப் பக்கத்தை எழுதவைத்தது எங்கிள்வுட் யார்டுதான்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஜூலை 29-ம் தேதி யூனியன் பசிபிக் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. நார்ஃபோக் சதர்னை வாங்கப்போகிறோம். மதிப்பு 8,500 கோடி டாலர். கைகூடினால், அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை சரக்கு ரயில் ஒரே கம்பெனியின் கையில் ஓடும். லிங்கன் காலத்துக் கனவின் கடைசிப் பகுதி. 2001 விதிகளின்கீழ் வருகிற முதல் பெரிய இணைப்பும் இதுதான்.

இந்த மாதிரி செய்திகளில் மைல் கணக்கும் டாலர் கணக்கும் தாராளமாக வரும். சிக்கனம், சீரமைப்பு என்ற வார்த்தைகளும் வரும். ரயில்வே மட்டுமில்லை, ஆஸ்பத்திரி, துறைமுகம், பஸ் ஸ்டாண்டு என்று எதை விரிவாக்கினாலும், எதை இணைத்தாலும் இதே வார்த்தைகள்தான். அப்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப்பாருங்கள். எல்லாம் நன்றாகப் போகிற நாளில் எது சும்மா கிடக்கப்போகிறது? அதை யாராவது விற்றுவிடத் திட்டம் போட்டிருக்கிறார்களா?

போட்டிருந்தால், பனாமாவுக்குக் கப்பல் டிக்கெட் விலையையும் விசாரித்துவைப்பது நல்லது.